லேப்டாப்பில் செருகிய மைக்கில் கிட்டார் ஏன் எடுபடவில்லை?

கேள்வி: அகூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். மேடையில் பயன்படுத்தும் டைனமிக் மைக் ஒன்று கைவசம் உள்ளது. ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர் (மைக்கில் மாட்டும் மூன்று முள் இணைப்பு), மறுமுனையில் 3.5 மி.மீ. பின் உள்ள கேபிளை வாங்கி லேப்டாப்பில் செருகினேன். ஒலி சன்னமாக வருகிறது. வால்யூமைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடுகிறது. நல்ல கண்டென்சர் மைக் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. அந்தக் காசை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். ஸ்டூடியோ கண்டென்சர் மைக்குக்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் தேவை. லேப்டாப்பின் மைக் துளை தருவதோ சில வோல்ட் மட்டுமே. அதே துளையில் அதைச் செருகினால் இப்போது கேட்பதுகூடக் கேட்காமல் போகலாம்.

முதலில் ஒரு சோதனை. ரெக்கார்டிங்கை ஓடவிட்டு மைக்கின் வலையை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு லேப்டாப் மூடியின் மேல்விளிம்பைச் சுரண்டுங்கள். இரண்டாவதுதான் பலமாகப் பதிவானால், இதுவரை நீங்கள் பதிவு செய்தது லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் மைக்கில்! பல லேப்டாப்களில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான். அது நான்கு தொடுமுனை உள்ள ஹெட்செட் பின்னை எதிர்பார்க்கிறது. உங்கள் கேபிளில் இரண்டோ மூன்றோதான் இருக்கும் என்பதால், கணினி அதை வெறும் ஹெட்போன் என்று எடுத்துக்கொண்டுவிடும். இப்படி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

மைக் உண்மையிலேயே இணைந்திருந்தாலும் சிக்கல் தீராது. டைனமிக் மைக்குக்குள் இருப்பது ஒரு காந்தமும் கம்பிச்சுருளும்தான். ஷூர் எஸ்எம்57 போன்ற மைக், 94 டெசிபல் ஒலிக்கே சுமார் 1.6 மில்லிவோல்ட்தான் தருகிறது. விரலால் மீட்டும் கிட்டார் அதைவிடச் சத்தம் குறைவு. ஆகவே கிடைப்பது ஒரு மில்லிவோல்ட்டின் சிறு பகுதி. அதைப் பதிவுக்கு ஏற்றதாக்க 50 முதல் 60 டெசிபல் வரை, அதாவது சில நூறு மடங்கிலிருந்து ஆயிரம் மடங்கு வரை பெருக்க வேண்டும். லேப்டாப்பின் மைக் துளை, ஹெட்செட்டில் பேசுவதற்காக அமைந்தது. அவ்வளவு பெருக்கச் சொன்னால் அதன் சொந்த இரைச்சலும் சேர்ந்து பெருகும். உங்கள் மைக்கில் குறையே இல்லை.

உங்களுக்குத் தேவை ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்குக்கும் கணினிக்கும் நடுவே நிற்கும் சிறு பெட்டி அது: சன்னமான சிக்னலை ப்ரீஆம்ப் கொண்டு சுத்தமாகப் பெருக்கி, டிஜிட்டலாக மாற்றி, யுஎஸ்பி வழியே அனுப்பும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ இந்த வகைதான். எந்த நிறுவனத்துடையது என்பதை விட மூன்று விஷயங்கள் முக்கியம்: எக்ஸ்எல்ஆர் உள்ளீடு, 48 வோல்ட் சுவிட்ச், டைரக்ட் மானிட்டர் (கணினிக்குப் போய்த் திரும்பாமல் வாசிப்பை நேரே கேட்பது) வசதியுள்ள ஹெட்போன் துளை. கேபிளும் மாற வேண்டும். இருபுறமும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிளில் ஒரே சிக்னல் இரு கம்பிகளில் எதிரெதிராகப் போவதால், வழியில் புகும் இரைச்சல் மறுமுனையில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 3.5 மி.மீ. கேபிளில் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

இணைப்பது எளிது. யுஎஸ்பியை ஹப் வழியாக இல்லாமல் நேரே கணினியில் செருகுங்கள். விண்டோஸ் என்றால் தயாரிப்பாளர் தரும் ஏசியோ டிரைவரை (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) நிறுவுங்கள். ரெக்கார்டிங் மென்பொருளில் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்து மோனோ டிராக் திறங்கள். ஸ்டீரியோவாகத் திறந்தால் கிட்டார் ஒரு காதில் மட்டும் கேட்கும். விண்டோஸின் ஒலி மேம்பாட்டு வசதிகளையும் அணைத்துவிடுங்கள். பேச்சுக்கான இரைச்சல் நீக்கி, மெல்ல அடங்கும் தந்தியின் நாதத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். நல்ல வாசிப்பு அப்படிக் கெட்டுப்போவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கெயினை, அதாவது இன்டர்ஃபேஸ் சிக்னலைப் பெருக்கும் அளவை, வைக்கும்போது பாட்டின் மிகச் சத்தமான பகுதியை வாசியுங்கள். மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். 24 பிட்டில் பதிவு செய்யும்போது சிவப்பு வரை தள்ள அவசியமே இல்லை. சிவப்பைத் தொட்டு உடைந்த ஒலியைப் பின்னால் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. வாசிப்பு ஹெட்போனில் தாமதமாகக் கேட்டால் டைரக்ட் மானிட்டரைப் போட்டுவிட்டு, மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணையுங்கள். இல்லாவிட்டால் ஒலி இரட்டையாகக் கேட்கும்.

மைக்கைக் கிட்டாரின் ஒலித்துளைக்கு நேராக வைக்காதீர்கள். அங்கே கீழ்ச்சுருதி குமுறும். 12ஆம் ஃப்ரெட்டை நோக்கி, 20 முதல் 30 செ.மீ. தள்ளி வைத்துத் தொடங்குங்கள். பிறகு நாலு விரற்கடை இப்படி அப்படி நகர்த்தி, ஒவ்வொரு முறையும் பதிவு செய்து கேளுங்கள். ஒலி வியக்கும்படி மாறும்.

இவ்வளவும் செய்த பிறகும் தந்தியின் மினுமினுப்புப் போதவில்லை என்று தோன்றினால், அப்போது கண்டென்சர் மைக் வாங்குங்கள். அதற்கு வேண்டிய 48 வோல்ட் அதே இன்டர்ஃபேஸில் தயாராக இருக்கும்.