மில் லைன் வீட்டில் ஒரே அறையில் எட்டுப் பேர் வாழ்ந்தது உண்மையா?

"மில் குடியிருப்பில் ஒரே அறையில் எட்டுப் பேர் வாழ்ந்ததாக என் தாத்தா சொல்கிறார். இது நடக்கக்கூடியதா, அல்லது வயதானவர்கள் கூட்டிச் சொல்வதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் இரண்டாவது பாதியைப் படித்ததும் எனக்குச் சற்றுக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆளுக்கொரு அறை உள்ள வீட்டில் நீங்கள் வளர்ந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அது உங்கள் குற்றமன்று. ஆனால் உங்கள் தாத்தா கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் எட்டுப் பேர்தான்: அப்பா, அம்மா, அப்பத்தா, சித்தப்பா, இரண்டு அக்காமார், நான், தம்பி.

நான் சொல்வது 1970களில், அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் தெற்கே இருந்த ஒரு சிற்றூரைப் பற்றி. ஊர்ப் பெயரைச் சொன்னால் மில்லின் பெயரும் தெரிந்துவிடும் என்பதால் தவிர்க்கிறேன். 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு கோவையில் மட்டுமன்றிச் சுற்றியிருந்த ஊர்களிலும் நூற்பாலைகள் எழுந்தன. சங்கு ஊதினால் கால்மணி நேரத்தில் கேட்டுக்கு வந்து சேரும் தொலைவில் ஆட்கள் இருக்க வேண்டும் என்பதற்காகவே, எங்கள் மில் தன் மதிற்சுவரை ஒட்டி ஆறு வரிசை வீடுகளைக் கட்டியிருந்தது. அவற்றை லைன் என்போம். ஒரு லைனுக்குப் பன்னிரண்டு வீடு, ஒரு குழாய். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, பின்னால் குனிந்து நுழையும் சமையல்கட்டு, முன்னால் ஒரு திண்ணை. வீடு என்பது அவ்வளவுதான்.

அந்த வீடுகளில் புதிதாக வருபவர்கள் முதலில் கவனிப்பது, இரண்டு வீடுகளுக்கு இடையிலுள்ள சுவர் ஓடு வரை எட்டாது என்பதைத்தான். ஆள் உயரத்துக்கு மேல் மூன்றடி சென்று நின்றுவிடும்; அதற்கு மேலே முதல் வீட்டிலிருந்து பன்னிரண்டாம் வீடு வரை ஒரே கூரைதான். மூன்றாம் வீட்டில் கருவாடு வறுத்தால் ஒன்பதாம் வீட்டுக்குத் தெரியும். எட்டாம் வீட்டுக் குழந்தை இருமினால் எங்கள் அப்பத்தா படுத்தவாக்கிலேயே, "ஏனம்மிணி, புள்ளைக்குக் கற்பூரவள்ளி குடுத்தயா?" என்று கூரையைப் பார்த்துக் கேட்பாள். எட்டாம் வீட்டிலிருந்து பதிலும் வரும்.

எட்டுப் பேர் எப்படிப் படுத்தோம் என்பதுதானே உங்கள் கேள்வி? எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் படுத்ததில்லை. மில்லில் மூன்று ஷிப்ட்: காலை எட்டு முதல் மாலை நாலரை வரை பகல், நாலரை முதல் இரவு ஒரு மணி வரை அரை நைட், ஒரு மணி முதல் காலை எட்டு வரை முழு நைட். அப்பா ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் சைடர், அதாவது அதை ஓட்டிப் பார்த்துக்கொள்பவர். அம்மா நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் இருந்தார்; 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு வேலைக்கு அனுமதிக்காததால் அவருக்கு எப்போதும் பகல் ஷிப்ட்தான். அப்பா முழு நைட் போகும் வாரங்களில், அவர் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு எழுந்து போன பாயில், அந்தச் சூடு ஆறுவதற்குள் அரை நைட் முடிந்து வரும் சித்தப்பா படுப்பார். காலையில் அப்பா திரும்பும்போது நாங்கள் எல்லோரும் எழுந்து வெளியேறியிருப்போம். இருவருக்கும் சேர்த்து ஒரே பாய், ஒரே தலையணை. ஷிப்ட் மாறி ஆண்கள் இரவில் வீட்டிலிருக்க நேர்ந்தால், லைன்களுக்கு இடையிலிருந்த மண் வெளியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தார்கள். மழை வந்தால் மட்டும் எட்டுப் பேரும் உள்ளே. அந்த இரவுகளில் யாரும் படுக்கவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முழு நைட் முடிந்து பகலில் தூங்குபவர் வீட்டுத் தாழ்ப்பாளில் ஒரு துண்டு தொங்கும். இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்களோ, எனக்கு நினைவு தெரிந்தபோதே இருந்தது. கோலி விளையாடிக்கொண்டு வரும் பிள்ளைகள் துண்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு அடுத்த லைனுக்குப் போய்விடுவோம். அம்மிக்கல் சத்தம்கூட அந்த வீட்டை ஒட்டிய இரண்டு வீடுகளில் எழாது. சுவர் பாதியில் நின்ற இடத்தில் துண்டுதான் மிச்சச் சுவர்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதத் தொடங்கினேன். அவர் நிரந்தரத் தொழிலாளி அல்லர், பதிலி. நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால்தான் அவருக்கு வேலை. நாலரை மணிச் சங்குக்குக் கேட்டில் போய் நிற்பார். மேஸ்திரி கைகாட்டினால் உள்ளே, இல்லாவிட்டால் திரும்ப வேண்டியதுதான். ஆனால் வேலை கிடைக்காத நாட்களிலும் அவர் இரவு ஒன்றேகாலுக்கு முன் வீடு திரும்பியதில்லை. சினிமாவுக்குப் போகிறார், சீட்டாடுகிறார் என்றெல்லாம் அப்பத்தா திட்டுவாள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள் வயிற்றுவலியில் விழித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா உள்ளே வந்தார். அம்மா சிம்னி விளக்கைத் தூக்கி அவர் தலையைப் பார்த்தார். அரை நைட் முடிந்து வருபவர்களின் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு வெள்ளையாக ஒட்டியிருக்கும்; எவ்வளவு தட்டினாலும் முழுதும் போகாது. சித்தப்பாவின் தலை அன்று கறுப்பாக, எண்ணெய் மினுங்க இருந்தது.

"வேல இல்லீன்னா நேரமே வந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாமுங்கல்ல?" என்றார் அம்மா.

"அண்ணன் எந்திரிச்சுப் போகட்டும்னு இருந்தனுங்க நங்கை" என்றார் அவர். எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்போம்.

எட்டரை மணி நேரம் அவர் கேட்டுக்கு எதிரிலிருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணனுடைய தூக்கம் கெடக் கூடாது, பாய் காலியாக வேண்டும், அவ்வளவுதான். அம்மா அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு, தனக்கென்று வைத்திருந்த மோரையும் ஊற்றினார். மறுவாரம் அம்மா தன் ரீலிங் கூலியில் இரண்டாவதாக ஒரு பாய் வாங்கினார். விரிக்க இடமில்லாததால் அது பெரும்பாலும் சுவரில் சாய்ந்தே நின்றது.

இதைப் படித்துவிட்டு, "வறுமையைப் புனிதப்படுத்துகிறீர்கள்" என்று எழுத வருபவர்களுக்கு: நான் அப்படிச் செய்யவில்லை. துப்புரவு வேலை பார்த்த அருந்ததியர் குடும்பங்களுக்கு ஆறாம் லைனுக்கும் அப்பால் நான்கு வீடுகள் தனியாகக் கட்டியிருந்தார்கள். எங்கள் கூரைப் பேச்சு அங்கே போகவில்லை, எங்கள் குழாய்க்கும் அவர்கள் வரவில்லை. லைனில் எல்லோரும் ஒரே குடும்பமாக இருந்தோம் என்று நான் எழுதினால் அது பொய். அதேபோல, வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் அப்பாவுக்கு நெஞ்சை இறுக்கிக்கொண்டு இளைப்பு வரும். பஞ்சுத் தூசியால் வருகிற பிசினோசிஸ் என்ற நோய் அப்படித்தான் தொடங்கும் என்பதும், சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வீட்டில் அதைப் பனி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மில் 1990களில் மூடப்பட்டது. "சங்கத்துக்காரர்கள்தான் மூடவைத்தார்கள்" என்று என் சொந்த மைத்துனரே விசேஷ வீடுகளில் பேசுகிறார். ஒரு நாள்கூட மில்லுக்குள் கால் வைக்காதவர். ஐம்பது வயது தாண்டிய இயந்திரங்களை மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்ததை அவர் பேசுவதில்லை. அப்பாவுக்கு இருபத்தெட்டு வருட சர்வீஸ். அன்றிருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி கணக்கில் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை வந்திருக்க வேண்டும், அதையும் முப்பது நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். "முதலில் வீட்டுச் சாவி, பிறகு பணம்" என்றார்கள். பணம் வந்தால்தான் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க முடியும் என்று அப்பா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டு வருடம் இழுத்து, கடைசியில் என் சம்பளத்தில் கடன் வாங்கித்தான் சாவியைக் கொடுத்தோம். இது உங்கள் கேள்விக்குத் தொடர்பில்லாதது என்று தோன்றலாம். ஆனால் உங்கள் தாத்தா அந்த வீட்டை எப்படி விட்டு வந்தார் என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

அந்த இரண்டு வருடங்களில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். எந்த வீட்டுத் தாழ்ப்பாளிலும் துண்டு தொங்கவில்லை. எல்லா ஆண்களும் இரவில் வீட்டில் இருந்தார்கள், எட்டுப் பேர் இருந்த வீட்டில் உண்மையாகவே எட்டுப் பேர் படுத்தார்கள். அப்போதுதான் இடம் போதவில்லை என்ற சண்டை முதன்முதலாகக் கூரை வழியே கேட்டது.

தாத்தாவிடம் எட்டுப் பேர் இருந்தது உண்மையா என்று கேட்காதீர்கள். அவர் எந்த ஷிப்ட், அவருடைய பாயில் அடுத்துப் படுத்தவர் யார் என்று கேளுங்கள். சித்தப்பா இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அந்த இரண்டாவது பாய் அம்மாவுக்குப் பிறகு என்னிடம் வந்து, ஓரம் பிரிந்து, பரணில் கிடக்கிறது.