ஐகாம் 718-ஐக் கணினியோடு இணைத்தால் ஏன் பேசுவதில்லை?

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் பத்தாவது மாடி பிளாட்டில் இருக்கிறேன். 9எம்2 என்று தொடங்கும் அமெச்சூர் ரேடியோ அழைப்புக்குறி கையில் இருக்கிறது. நண்பரிடமிருந்து பழைய ஐகாம் ஐசி-718 ரேடியோ ஒன்று வாங்கினேன். எஃப்டி8 (கணினி வழியே குறுஞ்செய்தி பரிமாறும் டிஜிட்டல் முறை) செய்து பார்க்கலாம் என்று இணையத்தில் மலிவாகக் கிடைத்த யூஎஸ்பி சிஐ-வி (ஐகாம் ரேடியோவுக்குக் கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் இணைப்பு) கேபிளை விண்டோஸ் 11 மடிக்கணினியில் செருகினேன். எஃப்டி8-க்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருள், ரேடியோவோடு பேச முடியாமல் 'ஹாம்லிப் பிழை' என்கிறது. மகனுடைய பழைய மடிக்கணினியில் அதே கேபிள் ரேடியோவின் அதிர்வெண்ணைக் காட்டியது, ஆனால் டிரான்ஸ்மிட் ஆகவில்லை. மைக் பொத்தானைக் கையால் அழுத்தியதும் கணினி இணைப்பே அறுந்துவிட்டது. ஆண்டெனா, பால்கனியிலிருந்து இழுத்த எண்ட்-ஃபெட் கம்பி, அதாவது ஒரு முனையில் மட்டும் இணைப்புக் கொடுத்த கம்பி. பேசாமல் இதை விற்றுவிட்டு ஐசி-7300 வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு விற்க வேண்டாம். நீங்கள் சொன்னதில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து வந்ததால் ரேடியோவே சரியில்லை என்று தோன்றுகிறது.

கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். அதிர்வெண்ணையும் மோடையும் படிக்கிற, மாற்றுகிற கட்டளை ஒன்று. டிரான்ஸ்மிட் ஆனாக்குகிற பிடிடி இரண்டாவது. ஒலி போய் வருவது மூன்றாவது. உங்கள் கேபிள் முதல் வேலையை மட்டும்தான் செய்யும். ஐசி-718-இன் சிஐ-வி கட்டளைப் பட்டியலில் பிடிடிக்குக் கட்டளை கிடையாது. அதனால் மகனுடைய கணினியில் டிரான்ஸ்மிட் ஆகாதது கோளாறே இல்லை.

முதலில் விண்டோஸ் 11 விஷயம். பழைய கணினியில் வேலை செய்த கேபிள் புதியதில் செய்யவில்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் கேபிளுக்குள் இருக்கும் சிப் மீதுதான். டிவைஸ் மேனேஜரைத் திறந்து போர்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு, பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால் விஷயம் முடிந்தது. அது புரோலிஃபிக் நிறுவனத்தின் பழைய சிப், அல்லது அதன் போலி. புதிய டிரைவர் அதை வேண்டுமென்றே ஏற்காது. பழைய டிரைவரைத் தேடிப் பிடித்துப் போடுகிறவர்கள் உண்டு. அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் மறுபடி அதே கதைதான். எஃப்டிடிஐ அல்லது சிஎச்340 சிப் உள்ள வேறு கேபிள் வாங்கிவிடுவது நிம்மதி.

புதிய கேபிள் வந்ததும் டிரான்ஸ்மிட் பற்றி நினைக்கவே வேண்டாம். அதிர்வெண் கணினியில் தெரிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். பின்பக்கத்தில் ஸ்பீக்கருக்கான துளையும் ரிமோட் என்று எழுதிய துளையும் ஒரே மாதிரி 3.5 மில்லிமீட்டர்தான். செருகியதும் ரேடியோவின் சத்தம் நின்றுபோனால் தவறான துளையில் செருகியிருக்கிறீர்கள். அப்புறம் செட் மோட் மெனுவில் மூன்று விஷயங்கள். வேகம் 'ஆட்டோ'வில் இருந்தால் 9600 என்று நிலையாக வையுங்கள், மென்பொருளிலும் அதே 9600. முகவரி 5இ-யா (இது பதினாறடிமான எண்) என்று பாருங்கள். அதுதான் 718-க்கு ஐகாம் கொடுத்த முகவரி, ஆனால் கை மாறி வந்த ரேடியோவில் முந்தையவர் எதை மாற்றி வைத்தார் என்று யாருக்குத் தெரியும்? மூன்றாவது, சிஐ-வி டிரான்ஸ்சீவ் என்பதை அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் நீங்கள் டயலைத் திருப்பும்போதெல்லாம் ரேடியோ தானாகவே அதிர்வெண்ணை அறிவித்து, கணினியின் கேள்வியோடு மோதும்.

ஏன் மோதும் என்றால், சிஐ-வி ஒரே கம்பியில் ஓடுகிறது. கேட்பதும் பதில் சொல்வதும் அதே கம்பிதான். கணினி 'எஃப்இ எஃப்இ 5இ இ0 03 எஃப்டி' என்று ஆறு பைட் அனுப்பினால் '5இ முகவரிக்காரரே, இ0 கேட்கிறேன், அதிர்வெண் என்ன?' என்று பொருள். ஒரே கம்பி என்பதால் அனுப்பியது அப்படியே எதிரொலியாகக் கணினிக்குத் திரும்பி வரும், அதன் பின்னால் ரேடியோவின் பதில் வரும். 14.074 மெகாஹெர்ட்ஸ் என்றால் எண்கள் '00 40 07 14 00' என்று கடைசியிலிருந்து தலைகீழாக வரும். சீரியல் டெர்மினல் மென்பொருள் ஏதாவது ஒன்றில் இதை ஒருமுறை பார்த்துவிட்டால் பயம் போய்விடும். எதிரொலி வருகிறது, பதில் வரவில்லை என்றால் கேபிளின் கணினிப் பக்கம் சரி. முகவரி, வேகம், அல்லது பிளக் சரியாக உட்காராதது, இவற்றில் ஒன்று. எதிரொலியே இல்லை என்றால் டிரைவர், தவறான காம் போர்ட், அல்லது கேபிள்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஒன்பது முனை சீரியல் போர்ட்டிலிருந்து நேரே கம்பி இழுத்து இந்தத் துளையில் கொடுக்காதீர்கள். அந்தப் போர்ட்டில் மின்னழுத்தம் பிளஸ், மைனஸ் 12 வோல்ட் வரை போகலாம். சிஐ-வி எதிர்பார்ப்பது 5 வோல்ட். நடுவில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் லெவல் கன்வர்ட்டர் இல்லாமல் முடியாது.

பிடிடிக்கும் ஒலிக்கும் ரேடியோவின் பின்னால் இருக்கும் 13 முனை ஏசிசி சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். அங்கே கிடைக்கும் ஒலி வால்யூம் குமிழைத் திருப்பினாலும் மாறாது, அது பெரிய வசதி. சிக்னாலிங்க் யூஎஸ்பி மாதிரிப் பெட்டி ஒலி வந்ததுமே தானாக பிடிடி போட்டுவிடும். சொந்தமாகச் செய்வதானால் சீரியல் போர்ட்டின் ஆர்டிஎஸ் முனையிலிருந்து (மென்பொருள் ஆன், ஆஃப் செய்யக்கூடிய முனை) ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளியால் கடத்தி, இரு பக்க மின்சுற்றையும் பிரித்து வைக்கும் பாகம்) வழியாக பிடிடி, ஒலிக்கு 600 ஓம் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு. கோலாலம்பூர் ஜாலான் பாசார் பக்கம் போனால் இந்தச் சாமான்களைத் தேடிப் பார்க்கலாம். ஆர்டிஎஸ் வழியில் ஒரு கண்ணி உண்டு: மென்பொருள் போர்ட்டைத் திறக்கும் கணத்திலேயே ஆர்டிஎஸ் உயர்ந்து ரேடியோ டிரான்ஸ்மிட்டில் போய் நிற்கலாம். அதனால் கணினியை முதலில் ஆன் செய்து மென்பொருளைத் திறந்த பிறகு ரேடியோவை ஆன் செய்வது நல்ல பழக்கம். விண்டோஸின் அறிவிப்புச் சத்தங்களையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் மின்னஞ்சல் மணி 20 மீட்டர் பேண்டில் ஊரெல்லாம் கேட்கும்.

இனி, மைக்கை அழுத்தியதும் இணைப்பு அறுந்தது. பிளாட்டில் இருப்பவர்களுக்கு உண்மையான தலைவலி இதுதான். எண்ட்-ஃபெட் கம்பிக்கு மறுபாதியாக, ரேடியோவையும் ஆண்டெனாவையும் இணைக்கும் கோக்ஸ் கேபிளின் வெளியுறையே வேலை செய்கிறது. அதில் ஓடும் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண் மின்னோட்டம்), ரேடியோ வழியாக யூஎஸ்பி கேபிளுக்குள் நுழைகிறது. கணினி யூஎஸ்பி சாதனமே பிடுங்கப்பட்டதாக நினைத்துக்கொள்கிறது. இதை உறுதிசெய்ய ஆண்டெனாவைக் கழற்றி டம்மி லோடை (அலையை வெளியே விடாமல் சக்தியை வெப்பமாக்கும் போலிச் சுமை) போட்டு டிரான்ஸ்மிட் செய்யுங்கள். இப்போது இணைப்பு அறுபடாமல் இருந்தால் குற்றவாளி ஆர்எஃப்தான். டம்மி லோட் இல்லையென்றால் சக்தியை 5 வாட்டுக்குக் குறைத்துப் பாருங்கள்.

தரையிறக்கம் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். பத்தாவது மாடியிலிருந்து தரைக்கு ஏறக்குறைய 30 மீட்டர் கம்பி. 20 மீட்டர் பேண்டில் கால் அலை நீளமே 5 மீட்டர்தான். எனவே அந்தக் கம்பி இன்னொரு ஆண்டெனாவாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக ஆண்டெனாக் கம்பி கோக்ஸோடு சேரும் பெட்டிக்கு அருகில், வெளியுறையில் ஓடும் ஆர்எஃப்பைத் தடுக்கும் ஒரு சோக், ரேடியோவுக்கு அருகில் இன்னொன்று வையுங்கள். யூஎஸ்பி கேபிளை முடிந்தவரை குட்டையாக வைத்து, 31 வகை ஃபெரைட் (ஆர்எஃப்பைத் தடுக்கும் காந்தப்பொருள்) வளையத்தில் பல சுற்றுச் சுற்றுங்கள். தடை, சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும்: ஐந்து சுற்றுக்கு ஏறக்குறைய 25 மடங்கு. கேபிள் ஒரே ஒருமுறை நுழைந்து போகிற கிளிப் ஃபெரைட்டால் எச்எஃப்பில் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை) பெரிய பயன் இல்லை. சோதிக்கும்போது மடிக்கணினியின் சார்ஜரையும் கழற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியானதும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் 'டெஸ்ட் கேட்' பொத்தான் பச்சையாக வேண்டும், 'டெஸ்ட் பிடிடி' சிவப்பாக வேண்டும். கணினிக் கடிகாரம் ஒரு வினாடிக்கு மேல் பிசகக் கூடாது. ரேடியோவை யூஎஸ்பி (கேபிள் அல்ல, மேல்பக்கப் பட்டை) மோடில் வைத்து, கம்பிரசரை அணைத்து, சக்தியை 25, 30 வாட்டில் நிறுத்துங்கள். எஃப்டி8 ஒவ்வொரு 15 வினாடிச் சுற்றிலும் 12.64 வினாடி இடைவிடாமல் டிரான்ஸ்மிட் செய்யும்; 100 வாட்டில் ரேடியோ கொதித்துவிடும். தொடர்புகளைக் குறித்து வைக்கும் இன்னொரு பதிவு மென்பொருளும் வேண்டுமென்றால், ஒரு காம் போர்ட்டை இரண்டு மென்பொருள் திறக்க முடியாது. நடுவில், ரேடியோவைப் பல மென்பொருளுக்குப் பகிர்ந்து தரும் எஃப்எல்ரிக் அல்லது ஆம்னிரிக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐசி-7300? நல்ல ரேடியோ. கட்டளை, பிடிடி, ஒலி மூன்றும் ஒரே யூஎஸ்பி கேபிளில் வந்துவிடும், பிடிடிக்குக் கட்டளையும் உண்டு. அதன் முகவரி 94. அலைவரிசைத் திரையைப் பார்த்தபடி டயலைச் சுழற்ற ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் இன்றைய பால்கனிக் கம்பியோடு இணைத்தால் அதன் யூஎஸ்பியும் இதே மாதிரி அறுந்துபோக வாய்ப்புண்டு. எதை வாங்கினாலும் சோக் வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.