காலிப் பெட்டியில் என்ன மிச்சம் இருந்தது?

கேள்வி: என்னிடம் செரானா தேனீ (நம் இந்தியத் தேனீ) 14 பெட்டி இருக்கிறது. போன கோடையில் அடுத்தடுத்து 4 பெட்டி காலியாகிவிட்டது. ஒரு நிறுவனத்தின் முகவர் வந்து, பெட்டிக்குள் சென்சார் வைத்தால் தேனீ ஓடுவதற்கு முன்பே போனுக்குத் தகவல் வரும் என்றார். சோதனைக்கு ஒரு பெட்டியில் மாட்டியிருக்கிறேன். தினமும் விடியற்காலையில் வெப்பம் 27 டிகிரிக்கு இறங்கியதாகச் சிவப்பு எச்சரிக்கை வருகிறது. ‘ராணி இல்லாமல் இருக்கலாம்’ என்கிறது. பயந்துபோய் ஒரே வாரத்தில் மூன்று முறை திறந்து பார்த்தேன். ராணியும் இருக்கிறது, முட்டையும் இருக்கிறது. இந்தக் கருவியை 14 பெட்டிக்கும் வாங்கலாமா, வேறு நிறுவனத்துடையதைப் பார்க்கலாமா?

பதில்: முதலில் அந்தப் பெட்டியைத் திறப்பதை நிறுத்துங்கள். இருக்கிற கூட்டத்தை நீங்களே விரட்டிவிடப் போகிறீர்கள். ஐரோப்பியத் தேனீயான மெல்லிஃபெரா என்றால் முணுமுணுத்துக்கொண்டாவது பொறுத்துப் போகும். செரானா அப்படியில்லை, தொந்தரவு தாங்காவிட்டால் கிளம்பிவிடும்.

27 டிகிரி பற்றி. சென்சார் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மூடிக்கு அடியில், ஓரமாக ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். முகவர்கள் அங்கேதான் ஒட்டுவார்கள், அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தை வெளியே எடுக்க அவர்களுக்குக் கை நடுங்கும். தேனீ சூடாக வைத்திருப்பது பெட்டியை இல்லை, தன் குஞ்சான புழுவை. புழு அடை இருக்கும் நடுப்பகுதி இரவும் பகலும் 34 டிகிரியை ஒட்டியே இருக்கும். அங்கிருந்து நாலு விரல் தள்ளிப்போனால் வெளி வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். அடுத்து எப்படியும் திறக்க வேண்டிய நாளில் சென்சாரை நடுவில் உள்ள இரண்டு புழு அடைகளுக்கு இடையே இறக்கிவிடுங்கள். அங்கேயும் நாலைந்து நாள் தொடர்ந்து வெளி வெப்பத்தோடு சேர்ந்து ஆடினால், புழு வளர்ப்பு நின்றுபோனது என்று பொருள். அப்போது கவலைப்படலாம்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். காலியான அந்த 4 பெட்டியில் என்ன மிச்சம் இருந்தது?

தேனும் புழுவும் அப்படியே கிடந்திருந்தால் அது திடீர் ஓட்டம். எறும்பு, குளவி, வெயில், அடிக்கடி கை வைத்தது என்று ஏதோ ஒன்று ஒரே நாளில் விரட்டியிருக்கிறது. அடை துடைத்துவிட்டாற்போல் காலியாக, ஒரு முட்டைகூட இல்லாமல் இருந்தால் அது திட்டமிட்ட பயணம். பூ இல்லை, தேன் வரத்து இல்லை என்றதும் ராணி முட்டையைக் குறைத்துவிடும், பிறகு நிறுத்திவிடும். மூடிய அறையில் இருக்கும் கடைசிப் புழுவும் தேனீயாக வெளியே வரும்வரை கூட்டம் காத்திருக்கும். முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வர சுமார் 20 நாள். அதன் பிறகு மிச்சத் தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டு போய்விடும். அதாவது இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே அது உங்களுக்குச் சொல்லிவிடுகிறது. வாசலில் மகரந்தத்தோடு இறங்கும் தேனீ குறையும். பெட்டி எடை வாராவாரம் இறங்கும். அந்த நேரத்தில் நிழலும், தண்ணீரும், மாலையில் உள்ளே வைக்கும் சர்க்கரைப் பாகும் கொடுத்தால் பெரும்பாலும் தங்கிவிடும்.

திடீர் ஓட்டமாக இருந்தால் எந்தச் சென்சாரும் காப்பாற்றாது. ‘பெட்டி காலி’ என்று தகவல் வரும்போது அவை மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கே நடந்தது. சில வருஷம் முன்பு 6 பெட்டிக்கு இப்படிக் கருவி மாட்டினேன். பெட்டி நிற்கும் தாங்கியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருந்தேன், எறும்பு ஏற வழியே இல்லை. ஆனால் பேட்டரி டப்பா தரையில், அதிலிருந்து ஒயர் பெட்டிக்குள். பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் ஒயர் கறுப்பாக, தடிமனாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன், எறும்பு. மேலே போகும் வரிசை ஒன்று, புழுவைக் கவ்விக்கொண்டு இறங்கும் வரிசை ஒன்று. இரண்டு கூட்டம் போய்விட்டது. கருவி கடைசிவரை வெப்பத்தை ஒழுங்காகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. உங்கள் ஒயர் தரையைத் தொடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தொட்டால் டப்பாவைத் தாங்கியிலேயே கட்டுங்கள்.

இனி என் பழைய பாட்டு. என்னைத் தெரிந்தவர்களுக்குச் சலித்திருக்கும், பரவாயில்லை. தேனீ வளர்ப்பவனுக்கு வேண்டிய எண் ஒன்றே ஒன்றுதான்: எடை. மூட்டை தூக்கிப் பார்க்கும் சின்ன டிஜிட்டல் கொக்கித் தராசு ஒன்று வாங்குங்கள். பெட்டியின் ஒரு பக்கத்தில் கொக்கியை மாட்டி, அடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் தூக்கி எண்ணைப் பாருங்கள். பிறகு எதிர்ப்பக்கம். இடது 4.6, வலது 5.1 என்றால் பெட்டி 9.7 கிலோ. மூடி திறக்க வேண்டாம், புகை வேண்டாம். வாரம் இருமுறை, தேனீ வெளியே கிளம்புவதற்கு முன், ஒரே நேரத்தில். நடுப்பகலில் போட்டால் மேயப்போன தேனீயின் எடை குறையும். மழை நாளில் நனைந்த பலகை கூடுதலாகக் காட்டும், அதை ஒரு குறி போட்டு எழுதிவிடுங்கள். 14 பெட்டிக்கு அரை மணி நேரம் போதும்.

இதைக் கேலி செய்கிறவர்களுக்கு ஒரு செய்தி. நாசாவில் கடல் ஆய்வு விஞ்ஞானியாக இருந்த வேய்ன் இசேயஸ் பொழுதுபோக்காகத் தேனீ வளர்த்தவர். தன் பெட்டியை நாள்தோறும் எடை போட்டு எழுதி வந்தார். அந்த நோட்டைப் புரட்டித்தான் தன் பகுதியில் பூக்கும் காலம் வருஷத்துக்கு வருஷம் முன்னே நகர்வதைக் கவனித்தார். அதிலிருந்துதான் பலருடைய பெட்டி எடைகளைச் சேர்க்கும் ஹனிபீநெட் வந்தது.

சத்தத்தைக் கேட்டுச் செயற்கை நுண்ணறிவு சொல்லும் என்கிறார்களே, அது புதிதும் இல்லை, பொய்யும் இல்லை. பிபிசியில் ஒலிப் பொறியாளராக இருந்த எடி வுட்ஸ் 60 வருஷத்துக்கு முன்பே அப்பிடிக்டர் என்று ஒரு கருவி செய்து, 225 முதல் 285 ஹெர்ட்ஸ் வரையிலான ரீங்காரத்தைக் கேட்டுக் கூட்டம் பிரியப் போவதைக் கணிக்கப் பார்த்தார். பிரச்சினை வேறு. இன்று விற்கும் கருவிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு மெல்லிஃபெராவை வைத்துப் பழக்கியவை. பனிக்காலத்தில் மாதக்கணக்கில் மூடி திறக்க முடியாதவர்களுக்கு அது உண்மையிலேயே பெரிய உதவி. உங்கள் தேனீ உருவத்தில் சிறியது, கூட்டமும் சிறியது. மெல்லிஃபெரா பத்தாயிரம் பறந்தால் ஒரு கிலோ குறையும். இரண்டு கிலோ குறைந்தால் மணியடிக்கும்படி அமைத்த கருவி, உங்கள் கூட்டம் மொத்தமாகக் கிளம்பினாலும் வாயைத் திறக்காது. எந்தத் தேனீயை வைத்துப் பழக்கினீர்கள் என்று முகவரிடம் கேளுங்கள். அவர் முகம் போகும் போக்கிலேயே பதில் தெரியும்.

அப்படியே, சந்தாவை நிறுத்தினால் பழைய பதிவுகள் என் கைக்கு வருமா, பெட்டி இருக்கும் இடத்தை யாரெல்லாம் பார்க்க முடியும் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம், தேனீப் பெட்டித் திருட்டு பல நாடுகளிலும் உண்டு. நான் வாங்கிய நிறுவனம் ஒருநாள் சர்வரை மூடிவிட்டது. 6 கருவியும் இப்போது அலமாரியில் தூங்குகின்றன.

ஆக 14 பெட்டிக்கு வேண்டாம். கருவி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், சுற்றுவட்டாரத்தில் பெட்டி வைத்திருக்கும் ஐந்தாறு பேர் சேர்ந்து, தானாக எடை போடும் தராசு ஒன்றை ஒரு நல்ல பெட்டிக்கு அடியில் வையுங்கள். தகவல் எல்லோர் போனுக்கும் போகட்டும். ஜெர்மனியில் ட்ராக்ட்நெட் என்ற பெயரில் தேனீ ஆய்வு நிலையங்கள் இதைத்தான் பெரிய அளவில் செய்கின்றன. வரத்து எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்பது அந்த ஒரு பெட்டியிலேயே தெரிந்துவிடும். உங்கள் 14-க்கும் கொக்கித் தராசு போதும்.

காலிப் பெட்டிகளின் அடையை இன்னும் உருக்கவில்லை என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காய்ந்த புழு இருக்கிறதா, மெழுகுப்பூச்சியின் நூல்வலை இருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா? பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். வலை மட்டும் இருந்தால் அவசரப்பட்டு அதன் மேல் பழி போடாதீர்கள், அது தேனீ போன பிறகு காலி வீட்டில் குடி வந்ததாகவும் இருக்கலாம்.