பயணம் மிகுந்த வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்

உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கும் முதல் வேலையின் நியமனக் கடிதத்தில், பணிநாட்களில் ஏறத்தாழப் பாதி பயணத்தில் கழியும் என்று ஒரு வரி இருப்பதாகவும், அந்த வரியே அவருக்கு மகிழ்ச்சியையும் உங்களுக்குக் கவலையையும் தருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சேரலாமா வேண்டாமா என்று என்னிடம் நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் நம்பி இரண்டில் எதையும் நான் சொல்ல மாட்டேன். பாதி நாள் பயணம் என்பது ஒருவருக்குத் தாங்கக்கூடிய, கற்றுக்கொள்ள ஏற்ற வாழ்க்கையாகவும் இன்னொருவருக்கு ஓராண்டிலேயே ஆளை அயர்த்திவிடும் வாழ்க்கையாகவும் அமைவதை என் பணியில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு பயணத்தின் அளவில் இருப்பதைவிட, அந்தப் பயணத்தின் தேதிகளை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதத்துக்கு 21 அல்லது 22 பணிநாட்கள் என்றால், பாதி என்பது சுமார் 10 நாட்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் திங்கள் காலை கிளம்பி வெள்ளி இரவு திரும்பினால், வீட்டுக்கு வெளியே கழியும் இரவுகள் 8. அதே 10 நாட்கள் ஒரே தொடர் பயணமாக அமைந்து, ஞாயிறு கிளம்பி அடுத்த வார வெள்ளியன்று திரும்பினால், நடுவில் வரும் வார இறுதியும் சேர்ந்து 12 இரவுகள். மாறாக, விடியுமுன் கிளம்பி நள்ளிரவில் வீடு சேரும் ஒருநாள் பயணங்களாகவே 10 நாட்களும் அமைந்தால், வெளியில் தங்கிய இரவு ஒன்றுகூட இருக்காது. ஆனால் மூன்றிலும் கடினமான மாதம் அதுதான். திங்கள் காலை 9 மணிக்குக் கூட்டம் என்றால் ஞாயிறு மாலை போய்விடும் என்பதையும், அந்த ஞாயிறு எந்த நிறுவனத்தின் கணக்கிலும் பணிநாளாக எழுதப்படுவது அரிது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே சதவீதத்தைக் கேட்பதில் பயனில்லை. மாதத்தில் எத்தனை இரவுகள், எத்தனை ஞாயிறுகள், எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று கேட்பதில்தான் பயன் இருக்கிறது.

எந்தத் துறை, எந்தப் பொறுப்பு என்பதைப் பொறுத்தும் பயணத்தின் தன்மை மாறும். மேலாண்மை ஆலோசனை நிறுவனங்களில் ஒரே வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு வாரந்தோறும் சென்று வருவது வழக்கம். சலிப்பூட்டினாலும் அதில் ஓர் ஒழுங்கு உண்டு, எப்போது வீட்டில் இருப்போம் என்பது முன்கூட்டியே தெரியும். தணிக்கைப் பணியில் ஆண்டின் சில மாதங்கள் மூச்சுவிட நேரமிராது, மற்ற மாதங்கள் அமைதியாகப் போகும். விற்பனைப் பிரதிநிதிக்குத் தூரம் குறைவு, ஆனால் எண்ணிக்கை அதிகம், பெரும்பகுதி சாலையில். இயந்திரங்களை நிறுவி ஓட்டிக் காட்டும் பொறியாளரின் நிலை வேறு: போகும் தேதி தெரியும், திரும்பும் தேதி தெரியாது, ஏனெனில் இயந்திரம் ஒழுங்காக ஓடத் தொடங்கும்வரை வாடிக்கையாளர் கையெழுத்திட மாட்டார். பழுது நீக்கும் பிரிவில் இருப்பவருக்கோ கிளம்பும் தேதியும் தெரியாது. ஒரு பயணமும் ரத்தாகாத மாதத்தைவிட, நான்கு பயணங்கள் திட்டமிடப்பட்டு இரண்டு கடைசி நேரத்தில் மாறிய மாதம்தான் மனிதர்களைச் சோர்வடையச் செய்கிறது என்பது என் கணிப்பு. உங்கள் மகளின் வேலை இவற்றுள் எந்த வகை என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

பயணம் செய்யாதவர்கள் எளிதில் ஊகிக்க முடியாத ஒன்று, திரும்பி வந்த பின் காத்திருக்கும் வேலை. வெளியூரில் நாள் முழுவதும் வாடிக்கையாளருடன் இருப்பவருக்கு அலுவலக மின்னஞ்சல்கள் வருவது நின்றுவிடாது. அவற்றுக்கு விடுதி அறையில் இரவு 10 மணிக்கு மேல் பதில் எழுதுகிறார். திரும்பியதும் பயண அறிக்கை, செலவுக் கணக்கு, ரசீதுகளை இணைத்து ஒப்புதலுக்கு அனுப்புதல், தவறவிட்ட கூட்டங்களின் முடிவுகளைத் தெரிந்துகொள்ளுதல் என்று ஒரு நாளுக்குக் குறையாத வேலை சேர்ந்திருக்கும். நல்ல மேலாளர்கள் திரும்பிய மறுநாளைக் கூட்டங்கள் இல்லாத நாளாக விட்டுவைப்பார்கள். அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில், வார இறுதிதான் அந்த நாளாக மாறும்.

உடல்நலத்தைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு ஆதாரம் உண்டு, ஆனால் அது மாதத்தில் எத்தனை இரவுகள் வெளியில் கழிகின்றன என்பதைப் பொறுத்தது. உலக வங்கி ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்ந்து 1997-இல் வெளியான ஆய்வில், பயணம் செய்யாதவர்களைவிடப் பயணம் செய்த ஆண்களின் கோரிக்கைகள் 80 சதவீதமும் பெண்களின் கோரிக்கைகள் 18 சதவீதமும் அதிகமாக இருந்தன. அவற்றுள் தொற்றுநோய்கள் மட்டுமின்றி மனநலம் சார்ந்த கோரிக்கைகளும் கணிசமாக இருந்தன. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் தரவுகளைக் கொண்டு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மாதத்துக்கு 20 இரவுகளுக்கு மேல் வெளியில் தங்கியவர்கள் தங்கள் உடல்நலம் மோசமாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு தெளிவாகக் கூடியிருந்தது. மாதத்துக்கு 1 முதல் 6 இரவுகள் வரை சென்றவர்களோ பயணமே செய்யாதவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். பயணம் அவர்களுக்கு ஆரோக்கியத்தைத் தந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம், உடல்நலம் சரியில்லாதவர்கள் முதலிலேயே பயண வேலைகளைத் தவிர்ப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 2018-இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மற்றோர் ஆய்வு, மாதத்துக்கு 14 அல்லது அதற்கு மேற்பட்ட இரவுகள் போனவர்களிடம் தூக்கக் குறைவு, உடற்பயிற்சியின்மை, பதற்றம், மனச்சோர்வு, மதுப்பழக்கச் சிக்கல் ஆகியவற்றின் அறிகுறிகள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஆகவே 8 இரவுகளா 15 இரவுகளா என்று நான் வலியுறுத்திக் கேட்பது வெறும் கணக்குக்காக அல்ல.

வெளிநாட்டுப் பயணமாக இருந்தால், நேர வேறுபாடுள்ள ஊருக்குப் பறப்பதால் தூக்கமும் உடலும் தடுமாறும் ஜெட் லாக்கையும் கருத வேண்டும். நம் உடலின் உட்கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேர வேறுபாட்டைத்தான் சரிசெய்துகொள்ளும். அதன் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது என்பதால், மேற்கு நோக்கிப் போவதைவிடக் கிழக்கு நோக்கிப் போவது பெரும்பாலோருக்குக் கடினமாக இருக்கிறது. ஆறு மணி நேர வேறுபாடுள்ள ஊருக்கு மூன்று நாள் கூட்டத்துக்குப் போகிறவர், உடல் அந்த ஊருக்குப் பழகும் முன்பே திரும்பிவிடுகிறார். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு கூறியது. ஆனால் ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த ஆபத்து சுமார் 6,000-இல் ஒன்று என்ற அளவிலேயே இருப்பதால், இடையிடையே எழுந்து நடந்தால் போதும், அதை எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை.

விமான விபத்தை நினைத்து அஞ்சும் பெற்றோர்கள், விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் சாலையைப் பற்றிக் கேட்பதே இல்லை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறக்கிறார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் செயல்திறனும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதாக 1997-இல் ஒரு சோதனை காட்டியது. இரவு விமானத்தில் இறங்கி வாடகைக் காரைத் தானே ஓட்டிச் செல்ல வேண்டிய வேலை என்றால், அதற்கு மறுப்புச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டா என்று கேளுங்கள். பணிநிமித்தப் பயணங்களின் ஆபத்தை நிறுவனங்கள் எவ்வாறு கையாள வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 31030 என்ற சர்வதேச வழிகாட்டி 2021 முதல் இருக்கிறது. அதன் பெயரை மனிதவளத் துறை அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் நள்ளிரவில் தனியாக வந்து இறங்கும் ஊழியருக்கு வண்டி ஏற்பாடு யாருடைய பொறுப்பு, அவசரத்தில் எந்த எண்ணை அழைப்பது என்பதற்குத் தயக்கமின்றிப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கேள்விக்குத் தடுமாறும் நிறுவனத்தைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் வருவதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள் போதும். பயணச் செலவை ஊழியர் முதலில் தம் கையிலிருந்து போட்டுப் பின்னர் திரும்பப் பெறுவது பல நிறுவனங்களில் நடைமுறை. அது எத்தனை நாளில் திரும்பும், முன்பணம் உண்டா, நிறுவனத்தின் கடன் அட்டை உண்டா என்பதைக் கேட்டுவிட வேண்டும், இல்லையேல் முதல் மாதச் சம்பளம் வருமுன்பே உங்கள் மகள் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவராகிவிடுவார். மற்றது, தினப்படியைச் சம்பளத்துடன் சேர்த்துக் கணக்கிடக் கூடாது என்பது. பயணம் நின்ற மாதத்தில் தினப்படியும் நின்றுவிடும், மாதத் தவணைகள் நிற்காது. விமான நிறுவனங்களும் விடுதிகளும் தரும் புள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் தன் புள்ளித் திட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இவை வாடிக்கையாளரை மீண்டும் வரவழைக்கவே வடிவமைக்கப்பட்டவை. அடிக்கடி பயணிப்பவர்களுக்கு இத்திட்டங்கள் தரும் தங்க அட்டை கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக ஆண்டு இறுதியில் தேவையில்லாத பயணத்துக்குத் தாமாகவே முன்வரும் அறிவாளிகள் உண்டு.

எல்லை தாண்டும் பயணமானால் ஆவணங்களைத் தாமே கவனிக்கும் பழக்கம் அவருக்கு வேண்டும். வணிக விசாவில் கூட்டங்களிலும் பேச்சுவார்த்தைகளிலும் பங்கேற்கலாம், ஆனால் பல நாடுகளில் அதை வைத்துக்கொண்டு இயந்திரத்தில் கைவைத்து வேலை செய்வது சட்டத்துக்குப் புறம்பானது. அனுப்பி வைத்த மேலாளர் அல்ல, அங்கே நிற்கும் இளம் ஊழியர்தான் குடியேற்ற அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பல நாடுகள் பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதக் காலம் மீதமிருப்பதை எதிர்பார்க்கின்றன. ஒரே விசாவில் பல நாடுகளுக்குள் சென்று வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் குறுகிய காலத் தங்கல், எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேற்படக் கூடாது, நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். வருமான வரியில் 183 நாட்கள் என்ற எல்லை பல நாடுகளின் சட்டங்களிலும் வரி ஒப்பந்தங்களிலும் இடம்பெற்றிருக்கிறது, அந்த அளவுக்கு ஒரு நாட்டில் தங்கினால் அங்கே வரி கட்ட வேண்டி வரலாம். ஆகவே எந்த நாட்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார் என்று முதல் பயணத்திலிருந்தே ஒரு பதிவேடு வைத்துக்கொள்வது நல்லது, மூன்றாண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து எழுத முடியாது.

இவ்வளவையும் படித்த பின் நான் இந்த வேலையைத் தடுக்கிறேன் என்று எண்ண வேண்டாம். வாடிக்கையாளரின் இடத்துக்கே போய் அவர்களுடைய சிக்கலைக் கண்ணால் பார்ப்பது, தலைமை அலுவலக மேசையில் ஐந்தாண்டுகள் உட்கார்ந்தும் கிடைக்காத அறிவைத் தரும். தயங்காமல் பேசவும், அரைகுறைத் தகவலை வைத்து முடிவெடுக்கவும், முன்பின் தெரியாதவர்களுடன் ஒரே வாரத்தில் இணைந்து பணியாற்றவும் இளம் வயதில் பழகிக்கொள்ள இதைவிடச் சிறந்த பயிற்சி அதிகம் இல்லை. ஆனால் அதே நேரத்தில், பதவி உயர்வைத் தீர்மானிப்பவர்களின் கண்ணில் படாமலே ஆண்டுகள் கழியும் ஆபத்தும் உண்டு. வெளியில் இருப்பவரின் உழைப்பை வாடிக்கையாளர் அறிவார், அலுவலகம் அறியாது. எனவே இந்தப் பதவியில் மூன்றாண்டுகளுக்கு முன் இருந்தவர்கள் இப்போது எங்கே, எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு நான் பெரும் மதிப்பளிக்கிறேன். பெரும்பாலோர் அதே நிறுவனத்தில் உயர்ந்திருந்தால் அது நல்ல அறிகுறி. பெரும்பாலோர் ஒன்றரை ஆண்டுக்குள் விலகியிருந்தால், சம்பளம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் நான் தயங்குவேன். உயர்கல்விக்கான நுழைவுத் தேர்வுக்கோ போட்டித் தேர்வுக்கோ வேலையுடன் சேர்த்துப் படிக்கத் திட்டமிட்டிருப்பவருக்கும், குறித்த இடைவெளியில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவருக்கும் மாதம் பத்து நாள் பயணம் ஒத்துவராது. உங்கள் மகள் இவ்விரண்டில் எதிலாவது அடங்குகிறாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அவர் பயணத்தில் இருக்கும் நாட்களில் ஒவ்வோர் ஊர் மாற்றத்துக்கும் அழைப்பை எதிர்பார்க்காதீர்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி, இருவருக்கும் ஒத்துவரும் ஒரு நேரத்தில் ஓர் அழைப்பு என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டு நிகழ்ச்சிகளில் சிலவற்றை அவர் தவறவிடுவார், அதற்காக அவரைக் குற்றவாளியாக நிறுத்தாமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

நான் குறிப்பிட்ட கேள்விகளை நீங்கள் அல்ல, அவரே கேட்க வேண்டும். பெற்றோர் அழைத்துக் கேட்டால் நிறுவனம் அதை அவருடைய முதிர்ச்சியின்மையாக எடுத்துக்கொள்ளும். இரவுகள், முன்னறிவிப்பு, திரும்பிய மறுநாள், செலவைத் திரும்பப் பெறும் காலம், பயணம் குறைந்த பொறுப்புக்கு எப்போது மாறலாம் என்பவற்றை மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலில் எழுதி, பதிலையும் எழுத்திலேயே பெறட்டும். அதே பதவியில் இப்போது இருக்கும் ஒருவருடன் அரை மணி நேரம் பேச ஏற்பாடு செய்யுமாறும் கேட்கட்டும், அவரிடம் கடந்த மாதத்தின் தேதிகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் போதும். நியமனக் கடிதத்தை ஏற்பதற்கான கடைசி நாளுக்கு முன் அந்தப் பதில்கள் வந்துவிட்டால் எனக்கு அனுப்பி வையுங்கள், அவற்றைக் கொண்டு ஒரு மாதத்தின் நாள்காட்டியை உங்கள் மகளே நிரப்ப, நாம் மூவரும் அதைப் பார்த்துப் பேசலாம்.