டி டிரைவில் போட்டு வைத்தால் போதுமா? விண்டோஸ் மாற்றுமுன் செய்ய வேண்டியவை

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் ஆசிரியையாக இருக்கிறேன். 2018இல் வாங்கிய லெப்டொப்; இன்டெல் ஐ5, எட்டாம் தலைமுறை, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பட்டரி நிற்பதே இல்லை. தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் இதில்தான் உள்ளன. 180 ஜிபி அளவில் வரும். "முக்கியமானதை டி டிரைவில் போடுங்கள், போர்மட் அடித்து விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்" என்று கடையில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். டி டிரைவ் தனி டிஸ்க் அல்ல. ஒரே ஹார்ட் டிஸ்கை நடுவில் தடுத்து இரண்டு அறையாக்கியிருக்கிறார்கள். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். போர்மட் அடிக்கும்போது வரும் பட்டியலில் சி, டி என்ற எழுத்துகள் இருக்காது. பார்ட்டிஷன் எனப்படும் அந்த அறைகளின் இலக்கம், அளவு போன்றவைதான் தெரியும். இரண்டும் ஒத்த அளவில் இருந்தால், அவசரத்தில் தவறானதை அழிப்பது மிக எளிது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு, அதாவது வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள், 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. ஆகவே மாற்ற நினைப்பது சரி. எட்டாம் தலைமுறை இன்டெல் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இருக்கிறது. மைக்ரோசொஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற மென்பொருள் அதை உறுதிசெய்யும்.

எதையும் பிரதி எடுக்குமுன் டிஸ்கின் நிலையைப் பாருங்கள். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' இலவச மென்பொருள். நீல நிறத்தில் 'குட்' என்றால் தொடரலாம். மஞ்சளில் 'கோஷன்' என்று காட்டி, 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்ற சி5 வரிசையில் பூச்சியம் அல்லாத எண் இருந்தால், டிஸ்கின் சில இடங்களை இப்போதே வாசிக்க முடியவில்லை என்று பொருள். அப்போது டிஸ்கைத் திருத்தும் 'செக் டிஸ்க்' வேலையை ஓட விடாதீர்கள். அது முழு டிஸ்கையும் மணிக்கணக்காக வருத்தும்; தளர்ந்த டிஸ்க் அதிலேயே நின்றுவிடக்கூடும். முதலில் பிரதி, பிறகுதான் திருத்தம்.

பல வருடம் சும்மா கிடந்த கோப்புகளையெல்லாம் ஒரே நாளில் வாசிக்க வைப்பது பழைய டிஸ்குக்குப் பெரும் பாரம். அதனால்தான் வரிசை முக்கியம். திரும்பக் கிடைக்காதவை முதலில்: படங்கள், சொந்தமாகத் தயாரித்த வினாத்தாள்கள், புள்ளிப் பதிவுகள். தரவிறக்கிய பாடநூல்களும் வீடியோக்களும் கடைசியில்.

1 டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று போதும். அது என்டிஎஃப்எஸ் முறையில் போர்மட் ஆகியிருக்க வேண்டும். ஃபாட்32 என்றால் 4 ஜிபியை எட்டும் கோப்பு எதையும் ஏற்காது. பெரும்பாலான லெப்டொப்புகளில் உள்ளே நீல நிறமாக இருக்கும் யூஎஸ்பி 3 துளையில் செருகுங்கள். யூஎஸ்பி 2 துளையில் விநாடிக்கு ஏறத்தாழ 30 எம்பிதான் போகும். 180 ஜிபிக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் நீளும்.

பட்டரி இல்லாத லெப்டொப்பில் பாதியில் கரண்ட் போனால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடும். எக்ஸ்டர்னல் டிஸ்கின் கோப்புப் பட்டியலே குழம்பவும் கூடும். கரண்ட் போனாலும் சற்று நேரம் மின் தரும் யூபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கியாவது வையுங்கள். மாரி காலத்தில் இடி மின்னல் உள்ள பின்னேரம் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். 'ஸ்லீப்' போகும் நேரத்தை 'நெவர்' என்று மாற்றி, மெத்தையில் அல்ல, மேசையில் வையுங்கள். 'கட்' வேண்டாம், 'கொப்பி' மட்டும். ஒவ்வொரு ஃபோல்டராக எடுத்தால் எங்கே நின்றது என்று தெரியும். 'பாதை நீளம்' என்று பிழை வந்தால் 260 எழுத்து எல்லையைத் தாண்டிவிட்டது. தமிழில் 'கொ' என்பதே இரண்டாகக் கணக்காகும். ஃபோல்டர் பெயரைச் சுருக்குங்கள்.

டெஸ்க்டொப்பில் கிடப்பவையும் சி டிரைவில்தான் இருக்கின்றன. ஆகவே சி டிரைவில் 'யூசர்ஸ்' என்பதற்குள் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரை முழுதாக எடுங்கள், டி டிரைவையும் எடுங்கள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' தேவையில்லை. பிரதி எடுத்த மென்பொருள் பெரும்பாலும் ஓடாது. ஒஃபிஸ் மென்பொருளின் சாவி எண் பெட்டியிலோ மின்னஞ்சலிலோ இருக்கிறதா என்று இப்போதே தேடுங்கள். குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் கூகிள் கணக்கோடு 'சிங்க்' ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம் ஆசிரியர்கள் அதிகம் கோட்டைவிடுவது எழுத்துருவை. பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்ட வினாத்தாள், பாமினி இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. சி டிரைவில் 'விண்டோஸ்', அதனுள் 'ஃபொண்ட்ஸ்' போய், பாமினியையும் நீங்கள் பாவிக்கும் மற்றவற்றையும் பிரதி எடுங்கள். விண்டோஸ் 10இல் வெறும் 'இன்ஸ்டோல்' கொடுத்துச் சேர்த்த எழுத்துரு உங்கள் பயனர் ஃபோல்டருக்குள், மறைந்திருக்கும் 'ஆப் டேட்டா'வில் இருக்கலாம். 'வியூ' பட்டியில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' குறியிட்டால்தான் அது தெரியும். முக்கியமான தாள்களைப் பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும்.

முடிந்ததும் இரு பக்கமும் 'புரொப்பர்ட்டீஸ்' பார்த்து, கோப்பு எண்ணிக்கையையும் 'சைஸ்' அளவையும் ஒப்பிடுங்கள். 'சைஸ் ஒன் டிஸ்க்' வேறுபட்டால் பரவாயில்லை. பிறகு வேறொரு கணினியில் செருகி, ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலைந்து கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பிப் போர்மட் அடிக்கக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது பிரதியும் வேண்டும். படங்களும் வினாத்தாள்களும் ஒரு 64 ஜிபி பென் டிரைவில் அடங்கலாம். அதை அதே அலுமாரியில் வைக்காமல், வெள்ளம் ஏறாத இடத்தில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். 2004 சுனாமியில் வீட்டோடு அல்பங்களையும் இழந்த கரை இது.

கடைக்குக் கொடுக்கும்போது எக்ஸ்டர்னல் டிஸ்க் வீட்டிலேயே இருக்கட்டும். போர்மட் அடிக்காமல், கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொண்டே விண்டோஸ் 11க்கு மாறும் வழியும் உண்டு, அதைக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம்.

ஆனால் டிஸ்க் மஞ்சள் காட்டினால், அதன்மேல் புது விண்டோஸ் போடவே வேண்டாம். உங்கள் லெப்டொப்புக்குப் பொருந்துவது 2.5 அங்குல சாட்டா வகையா, எம்.2 வகையா என்று பார்த்து, 512 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) ஒன்றைப் புதிதாகப் பூட்டி அதில் போடச் சொல்லுங்கள். கழற்றிய பழைய டிஸ்கை அழிக்காமல் கேட்டு வாங்கி வையுங்கள்.