கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் போதாதா?

கேள்வி: வணக்கம் ஐயா. என் பேத்தி குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். தங்கம் பூசிய சிறு வில்லையின் மேல் புரதக் கரைசலை மணிக்கணக்காக ஓடவிட்டு, எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்க்கிறாளாம். கிண்ணத்தில் ஊற்றி ஊறவைத்து, எடுத்து நிறுத்தால் ஆகாதா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: ஆகாதம்மா. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒட்டுவது சில நூறு நானோகிராம்தான். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்று நானோகிராம். சாதாரணத் தராசு அசையாது.

அந்த வில்லை பெரும்பாலும் குவார்ட்ஸ் படிகமாக இருக்கும். மின்சாரம் கொடுத்தால் விநாடிக்கு 50 லட்சம் முறை அதிரும்; மேலே எது ஒட்டினாலும் அந்த எண்ணிக்கை குறையும். ஜெர்மன் இயற்பியலாளர் சாவர்பிரே 1959-ல் தந்த கணக்குப்படி, அதிர்வு ஒரு ஹெர்ட்ஸ் (விநாடிக்கு ஒரு முறை) இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

ஏன் ஓடவிட வேண்டும்? நிற்கிற கரைசலில், பரப்புக்குப் பக்கத்திலுள்ள புரதம் ஒட்டியதும் அந்த இடம் வெறிச்சோடிவிடும். தள்ளியிருப்பவை தாமாகப் பரவி வந்து சேர வேண்டும். நேரம் ஆக ஆக அந்த வெற்றுப் படலம் தடித்துக்கொண்டே போகும். பரிமாறுகிறவர் மெதுவாக வந்தால், பந்தியில் உட்கார்ந்தவரின் பசி நமக்கு எப்படித் தெரியும்? பம்பு ஒரே சீராகத் தள்ளினால் அந்தப் படலம் ஒரே கனத்தில் நிற்கும், வரத்து இவ்வளவு என்று கணக்கிடலாம்.

பேத்தியிடம் ஒன்று கேளுங்கள்: ஓட்டத்தை மாற்றிப் பார்த்தாளா? எட்டு மடங்காக்கும்போது ஒட்டும் வேகம் இரு மடங்கானால், அவள் அளந்தது புரதம் வந்து சேரும் வேகத்தைத்தான். வேகம் மாறவில்லை என்றால்தான் அது பரப்பின் குணம். இந்தச் சோதனை இல்லாமல் தரப்படும் வேகக் கணக்கை நான் ஏற்பதில்லை. பிறகு புரதமில்லாத கரைசலை ஓடவிட வேண்டும். எது கழுவிப் போகிறது, எது விடாமல் பிடித்திருக்கிறது என்பது அப்போது தெரியும். காற்றுக் குமிழி ஒன்று புகுந்தாலும் அளவு தாறுமாறாகும், ஆகவே கரைசலிலிருந்து காற்றை முன்னமே நீக்க வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கும் வீடுகளுக்கு இது வெறும் ஏட்டுப் படிப்பல்ல. இரத்தம் ஓடத் தொடங்கியதும் குழாயிலும் வடிகட்டி இழையிலும் முதலில் படிவது புரதம். அணுக்கள் அதற்குப் பிறகுதான். எந்தப் புரதம், எவ்வளவு இறுக்கமாக என்பதைப் பொறுத்தே இரத்தம் உறைவதும் உறையாததும்.

இன்னொன்று: படிகம் புரதத்தோடு சேர்ந்த தண்ணீரையும் நிறுக்கும். ஒளியை வைத்து அளக்கும் கருவியில் எண் குறைவாக வந்தால் அவள் கலங்க வேண்டாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்தத் தண்ணீரின் எடைதான்.