பள்ளிப் பேருந்தில் சீட் பெல்ட்: கேள்வி பதில்

பள்ளிப் பேருந்து இருக்கைகளைச் சோதிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். காப்பீடும் வழக்கும் என் துறை இல்லை.

கேள்வி: காரில் பெல்ட் கட்டாயம். பெரிய பள்ளிப் பேருந்தில் மட்டும் ஏன் பல இடங்களில் இல்லை?

பதில்: நாட்டுக்கு நாடு விதி மாறும். அதிகம் விவாதிக்கப்பட்ட அமெரிக்க விதியை எடுத்துக்கொள்வோம். பெல்ட் இல்லாமலே இருக்கை பிள்ளையைக் காக்கட்டும் என்ற எண்ணத்தில் 1977 ஏப்ரலில் ஒரு தரவிதி அங்கே நடைமுறைக்கு வந்தது. இருக்கைகளை நெருக்கமாகப் போட்டு, சாய்மானத்தை உயர்த்தி, தடித்த மெத்தை வைத்து, பிள்ளை வந்து மோதினால் சாய்மானம் கொஞ்சம் மடங்கி அந்த வேகத்தை வாங்கிக்கொள்கிற மாதிரி செய்தார்கள். முன்னால் மோதினாலும் பின்னால் இடித்தாலும் இது நன்றாகவே வேலை செய்யும். பக்கவாட்டில் அடி விழுந்தாலோ வண்டி கவிழ்ந்தாலோதான் சிக்கல், ஏனென்றால் அப்போது பிள்ளை முன் இருக்கையை நோக்கிப் போவதில்லை, ஜன்னலுக்கும் கூரைக்கும் தூக்கி வீசப்படுகிறது. அங்கே மெத்தை கிடையாது.

2016இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரில் ஒரு பள்ளிப் பேருந்து சரிந்து மரத்தில் மோதி ஆறு குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு, 2018இல், பெரிய பேருந்துகளிலும் இடுப்பையும் தோளையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் வேண்டும் என்று அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் அதற்கு முன்பே கட்டாயமாக்கியிருந்தன. சுமை சேர்த்து 4,536 கிலோவுக்கு மேல் போகாத சிறிய பள்ளிப் பேருந்துகளுக்கு 2011 அக்டோபர் முதல் மத்திய விதியே மூன்று முனை பெல்ட் கேட்கிறது.

கேள்வி: இடுப்பு பெல்ட் மட்டும் போட்டால் போதாதா சார்? செலவு குறையுமே.

பதில்: போதாது. இடுப்பு நின்றுவிடும், மேலுடம்பு மடங்கி முகம் முன் இருக்கையில் போய் அடிக்கும். 1980களில் கனடா நடத்திய மோதல் சோதனைகளிலேயே இந்தத் தலைக்காய ஆபத்து தெரிந்தது. இடுப்புப் பட்டை தளர்ந்து வயிற்றுக்கு ஏறியிருந்தால் குடலுக்கும் சேதம். பட்டை இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் படிய வேண்டும், தோள் பெல்ட் தோளின் நடுவில் போக வேண்டும். கழுத்தில் உறுத்துகிறது என்று தோள் பெல்ட்டை அக்குளுக்குக் கீழே விடாதீர்கள், முதுகுக்குப் பின்னாலும் தள்ளாதீர்கள். விலா எலும்பு அந்த இழுப்பைத் தாங்காது.

கேள்வி: பழைய பேருந்தில் உள்ளூர் மெக்கானிக்கிடம் பெல்ட் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பெல்ட் என்பது துணிப்பட்டை மட்டும் இல்லை. பிள்ளையின் முழு இழுப்பும் இருக்கைச் சட்டத்துக்கும் தரையில் உள்ள போல்ட்டுக்கும் போகும். போதாததற்கு, பின்னால் பெல்ட் போடாத ஒரு பிள்ளை இருந்தால் அதுவும் அதே சாய்மானத்தில் வந்து மோதும். இரண்டையும் தாங்குவதற்கென்றே செய்த இருக்கையாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு இருக்கையில் மூன்று பேர் உட்காருகிறார்களே?

பதில்: எத்தனை பெல்ட் இருக்கிறதோ அத்தனை பேர். ஒரே பெல்ட்டுக்குள் இரண்டு பேர் கூடவே கூடாது.

கேள்வி: நான் டிரைவர் அண்ணே. வண்டியில் தீப்பிடித்தால் ஐம்பது பிள்ளைகளுக்கு யார் பெல்ட் கழற்றுவது? நீங்கள் சோதனைக் கூடத்தில் பேசுகிறீர்கள், நான் ரோட்டில் நிற்கிறேன்.

பதில்: நியாயமான பயம். 1988இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கேரல்டன் அருகே நடந்த பேருந்து விபத்தில் 27 பேர் இறந்தார்கள். மோதலில் இல்லை, தீயிலும் புகையிலும். ஆனால் அங்கே பெல்ட் யாரையும் பிடித்து வைக்கவில்லை. எரிபொருள் தொட்டி உடைந்தது, வெளியேறும் வழி நெரிசலில் அடைபட்டது. அந்த வண்டியின் அடிச்சட்டம் 1977 ஏப்ரலில் புதிய தரவிதிகள் நடைமுறைக்கு வருவதற்குச் சில நாள் முன்னால் செய்யப்பட்டது. மோதலில் தூக்கி எறியப்பட்டு மயங்கிக் கிடக்கும் பிள்ளை தானாக எழுந்து ஓடாது. பெல்ட்டில் நினைவோடு இருக்கும் பிள்ளை பட்டனை அழுத்திவிட்டு எழும்.

கேள்வி (அதே டிரைவர்): நான்கு வயசுப் பிள்ளை அழுத்துமா?

பதில்: பழக்கினால் அழுத்தும். ஒரு வெளியேறும் பயிற்சியில் ஒரு சிறுமி பக்கிளை, அதாவது பெல்ட்டின் பூட்டை, இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கிக்கொண்டே இருந்தாள், திறக்கவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் உள்ளே மிட்டாய் ஒட்டிக் காய்ந்திருந்தது. அன்றிலிருந்து பயிற்சி நடக்கும் போதெல்லாம் எல்லாப் பக்கிளையும் மாட்டிக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன். உங்கள் கேள்வியின் பாதி சரி: பயிற்சி கொடுக்காமல் பெல்ட் மட்டும் வாங்கிப் பூட்டினால் நீங்கள் பயப்படுவது நடக்கும்.

கேள்வி: காரில் கட்டாயம், பேருந்தில் ஏன் இல்லை?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வியை இன்னும் மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள், அவர்களுக்கும் அதுதான்.

கேள்வி: பெல்ட் போடாத பிள்ளைக்கு இழப்பீடு குறையுமா?

பதில்: வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி: என் பையன் தோள் பெல்ட்டை அக்குளுக்குக் கீழே விட்டுக்கொள்கிறான், பரவாயில்லையா?

பதில்: மேலே இடுப்பு பெல்ட் பற்றிய பதிலில் எழுதியிருக்கிறேன், தயவுசெய்து பாருங்கள். இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி (டிரைவர்): சரி அண்ணே. பெல்ட் வெட்டும் கத்தி எங்கே வைப்பது? முதலுதவிப் பெட்டியிலா?

பதில்: பெட்டியில் வேண்டாம். வண்டி கவிழ்ந்து நீங்கள் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போதும் உங்கள் கை எட்டும் இடத்தில் வையுங்கள். உதவியாளருக்குத் தனியாக இன்னொன்று.